நடுக்கமும் நாலு நம்பரும்

பார்க்கின்சன் நோயைப் பற்றிப் போன மாதம் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அம்பாங் பெச்சா, கோலகுபு பாரு, பத்தாங் காலி, கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களிடமிருந்தும் வந்தவை. ஆகவே இந்த வாரம் வேறு பேச்சு இல்லை. நான் டாக்டர் அல்ல. மாத்திரையைக் கூட்டு, குறை என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. 'பார்க்கின்சன்' என்கிறார் டாக்டர். ஆனால் அப்பாவின் கை துளியும் நடுங்கவில்லை. டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரா?
*ஒரு மகள், அம்பாங் பெச்சா*

குழப்பியது உங்கள் டாக்டர் அல்ல, லண்டன் டாக்டர். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே ஆறு பேரை வைத்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. தலைப்பிலேயே 'நடுக்கம்' என்று போட்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லாரும் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்த நோயின் தலையாய அறிகுறி மந்தம்தான். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் கணிசமாக இருக்கிறார்கள்.

அப்பா சட்டைப் பொத்தான் போடுவதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். விரல் பொத்தானைப் பிடித்துவிடும், துளைக்குள் தள்ள மாட்டாமல் நிற்கும். நடக்கும்போது ஒரு கை வீசும், மற்றது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் பாதிக்கப்படும். இன்னொரு தடயம் முகம். பேரப்பிள்ளை என்ன சேட்டை செய்தாலும் முகத்தில் அசைவிருக்காது. 'அப்பா எல்லார் மேலும் கோபமாக இருக்கிறார்' என்று வீட்டில் பேச்சு வரும். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, முகத் தசை சொன்னபடி கேட்பதில்லை.

மூளையின் அடியில் கருநிறமாக ஒரு சிறு பகுதி உண்டு. அங்கேயுள்ள செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. உடல் தடுமாறத் தொடங்குவதற்குள் அவற்றில் பாதியளவு போய்விடுகிறது. கங்காணி வராத பெரட்டுக்களம்தான் இந்த உடம்பு: ஆள் இருக்கிறது, கத்தி இருக்கிறது, தெம்பும் இருக்கிறது, 'போ' என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால்தான் இதைப் பக்கவாதத்தோடு சேர்க்கக்கூடாது, சோம்பேறித்தனத்தோடு அறவே சேர்க்கக்கூடாது.

கேள்வி: தேத்தண்ணி கிளாசைத் தூக்கினால் இரண்டு கையும் நடுங்குது. ரெண்டு கிளாஸ் உள்ளே போனால் நின்னுடுது. எனக்கு பார்க்கின்சனா?
*பெயர் வேண்டாம், பத்தாங் காலி*

அந்த ரெண்டு கிளாஸ் தேத்தண்ணி இல்லை என்று புரிகிறது.

ஐயா, பொருளைத் தூக்கும்போது இரண்டு கையிலும் வருகிற நடுக்கம் பெரும்பாலும் வேறு சாதி. பரம்பரையாகவும் வரும். உங்கள் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்ததா என்று விசாரியுங்கள். இந்த நடுக்கம் மதுவில் சற்று அடங்குவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அதை மருந்துச் சீட்டில் எழுதித் தர மாட்டார்கள். அதற்கென்று மலிவான மாத்திரை இருக்கிறது. பார்க்கின்சன் நடுக்கமோ, கை மடியில் சும்மா கிடக்கும்போது வரும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். கிளாசைத் தூக்கியதும் குறையும். எதற்கும் கிளினிக்கில் காட்டுங்கள், மாலை நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் மாமனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வருஷமாகப் போடும் கையெழுத்து!
*மருமகள், ஈஜோக்*

பழைய சேமிப்புப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையெழுத்து ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறதா? கோடு போடாத தாளில் ஒரே வாக்கியத்தை நாலு முறை எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் எழுத்து எழுத்தாக இருந்து, நாலாவது வரியின் கடைசியில் எறும்பு அளவுக்கு வந்துவிட்டால் அந்தத் தாளையும் புத்தகத்தையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். வங்கியில் ரேகை பதிந்துகொள்ளலாம். அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பாசிர் பெனாம்பாங் போய்க் கருவாடு வாங்கி வந்து பொரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்துகிறாள், என் வீட்டுக்காரருக்கு வாசனையே தெரியவில்லை. இதற்கும் பார்க்கின்சனுக்கும் சம்பந்தம் உண்டா?
*கோலசிலாங்கூர்*

இருக்கலாம். மூக்கு முதலில் போய், பல வருடம் கழித்துக் கை வரும் கதைகள் நிறைய. தீராத மலச்சிக்கலும் இந்த முன்னறிகுறிகளில் ஒன்று. ஆனால் சளி, சைனஸ், கோவிட் எல்லாம் இதே மூக்கைத்தான் கெடுக்கின்றன. கருவாட்டை மட்டும் வைத்து யாருக்கும் நோய் சொல்ல முடியாது.

இதற்கு நேரெதிரான ஒரு மூக்கு ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஜாய் மில்ன் என்ற தாதிக்குத் தன் கணவரின் வாசனை மாறியது தெரிந்தது. அவருக்கு நோய் என்று டாக்டர்கள் கண்டதோ பல வருடம் கழித்து. ஆய்வாளர்கள் 12 சட்டைகளைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். நோயாளிகளின் சட்டைகளை எல்லாம் சரியாகச் சொன்னவர், நோயே இல்லாத ஒருவருக்கும் 'இருக்கிறது' என்றார். தப்பு என்று குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அவருக்கும் நோய் என்று உறுதியானது.

கேள்வி: தூக்கத்தில் என் கணவர் என்னை உதைக்கிறார். கேட்டால் கனவில் பன்றி விரட்டினாராம்.
*செரெண்டா*

கனவில் உடம்பு கட்டுண்டு கிடக்க வேண்டும், அதுதான் இயற்கை. கட்டவிழ்ந்துபோய்க் கத்துவதும் உதைப்பதும் அடிக்கடி நடந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பார்க்கின்சனுக்குப் பல வருடம் முன்பே இது வருவதுண்டு. அதுவரை நடுவில் ஒரு தலையணை. பன்றிக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியட்டும்.

கேள்வி: அண்ணனுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு சாமியார் 800 வெள்ளி கேட்கிறார்.
*கெர்லிங்*

1883-இல் கோலகுபுவில் அணை உடைந்து ஊரே அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி ரேங்கிங்கும் அதில் செத்தார். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. பெருமழையும் பழைய மண் அணையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதைவிட முதலை சுலபம். அண்ணனின் நோய்க்கும் ஒரு முதலையைத் தேடுகிறீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குச் சீட்டு எடுத்து, நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மீதி 799 வெள்ளியை அண்ணியிடம் கொடுங்கள்.

கேள்வி: அம்மா இருபது வருஷம் தோட்டத்தில் மருந்து அடித்தார். இப்போது பார்க்கின்சன். அந்த மருந்துதான் காரணமா?
*ஒரு மகன், பெஸ்தாரி ஜெயா*

தம்பி, உங்கள் கடிதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

1982-இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலையாகிப்போனார்கள். முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளின் நிலை, ஆனால் வயது அதற்கானதல்ல. வில்லியம் லாங்ஸ்டன் என்ற டாக்டர் துப்பறிந்ததில், எல்லாரும் கள்ளத்தனமாகக் காய்ச்சிய ஒரு போதைப்பொருளை ஊசி போட்டவர்கள் என்று தெரிந்தது. அதில் கலந்துவிட்ட எம்பிடிபி என்ற கழிவுப்பொருள், மூளையின் அந்தக் கருநிறச் செல்களைக் குறிபார்த்துக் கொன்றிருந்தது. உடலுக்குள் அது மாறி எடுக்கும் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்ததும் வேதியியல் தெரிந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏற்கெனவே தெரிந்த ஒரு முகத்தின் சாயல் அதில் இருந்தது: பாராகுவாட்.

உங்கள் அம்மா முதுகில் சுமந்த தொட்டியில் இருந்தது பெரும்பாலும் அதுதான். 1962-இல் சந்தைக்கு வந்த புல் கொல்லி. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் தலைமுறை தலைமுறையாக அடித்தார்கள், அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். உதடு வெடிக்கும், நகம் கறுத்து உதிரும், மூக்கில் ரத்தம் வரும். 'கையுறை போட்டுக்கொள்' என்று அறிவுரை சொன்னவர்கள், நம் ஊர் வெயிலில் ரப்பர் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும். அதுவும், கையுறை கொடுத்திருந்தால்.

அமெரிக்காவில் பூச்சிமருந்து தெளித்தவர்களையும் அவர்கள் வாழ்க்கைத்துணைகளையும் ஆராய்ந்து 2011-இல் ஒரு முடிவு வெளியானது. பாராகுவாட்டோ ரோட்டினோனோ கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. ரோட்டினோன் யார் என்று கேட்கிறீர்களா? நம் ஊர்க்காரர்தான். ஆற்றில் மீன் மயங்க இடித்துக் கலப்பார்களே, தூபா வேர், அதில் இருப்பது. 'இயற்கை மருந்து ஆபத்தில்லாதது' என்பவர்களுக்கு இந்த வேரைச் சிபாரிசு செய்கிறேன்.

ஆக, அம்மாவுக்கு வந்தது இதனால்தானா? ஒரு தனி ஆளைக் காட்டி 'ஆம்' என்று எந்த டாக்டராலும் சத்தியம் செய்ய முடியாது. மருந்தே அடிக்காத வாத்தியாருக்கும் வருகிறது, இருபது வருஷம் அடித்தவருக்கு வராமலும் போகிறது. வயது, மரபணு, சூழல் எல்லாம் சேர்ந்த கூட்டுக்களவு இது. தயாரித்த நிறுவனம் தொடர்பே இல்லை என்கிறது, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன.

ஆனால் 'நிரூபணமாகவில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை வருஷம் ஒளிந்துகொள்ளலாம்? சுவீடன் 1983-இல் தடை செய்தது. தெனாகனித்தா அமைப்பு, ஐரீன் பெர்னாண்டஸின் தலைமையில், மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நம் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் அதைத் தளர்த்தியது. கடைசியில் முழுத்தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதற்குள் மருந்தடித்த ஒரு தலைமுறைப் பெண்கள் ஓய்வுபெற்று, அந்த வேலைக்கு வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் வந்துவிட்டார்கள். பிரான்சில் 2012-லிருந்து, பூச்சிமருந்தோடு வேலை செய்த விவசாயத் தொழிலாளிக்குப் பார்க்கின்சன் வந்தால் அது தொழில்நோய். அங்கே நிரூபிக்கும் சுமை இந்த அளவுக்கு நோயாளியின் தலையில் இல்லை. இங்கே அம்மாக்கள் சுமந்தது தொட்டியை மட்டுமல்ல.

டாக்டரிடம் போகும்போது எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தத் தோட்டத்தில் மருந்தடித்தார் என்று எழுதிக்கொண்டுபோய்க் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கிற யாராவது 60 வயதுக்குள் நோய் வந்து வேலை செய்ய முடியாமல் இருந்தால், பெர்கேசோவில் இயலாமை ஓய்வூதியம் பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: தலைசுற்றல் மாத்திரை ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறேன். இப்போது நடை மந்தமாகிவிட்டது.
*ராசா*

மாத்திரை அட்டையோடு உடனே டாக்டரிடம் போங்கள். சின்னாரிசின் போன்ற சில தலைசுற்றல் மாத்திரைகள், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, சில மனநோய் மருந்துகள் எல்லாம் டோபமினை மறித்துப் பார்க்கின்சன் வேடம் போடும். நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் வேடம் கலையும். ஆனால் நிறுத்துவது டாக்டர் வேலை.

கேள்வி: 'மடோபார்' மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் கேட்காமல் போய்விடும், தள்ளிப்போடு என்கிறார் நண்பர்.
*தஞ்சோங் காராங்*

நண்பர் சொன்னதைத்தான் டாக்டர்களும் ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். கானாவில் வசதியில்லாததால் மருந்து தொடங்கவே சராசரி நாலு வருடம் தாமதம். இத்தாலியில் இரண்டு வருடம் சொச்சம். மருந்தின் பக்கவிளைவாக உடல் நெளியும் ஆட்டம், நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் இரு நாட்டிலும் தலைகாட்டியது. அதாவது கானாக்காரர்கள் இரண்டு வருடம் அதிகம் கஷ்டப்பட்டதுதான் மிச்சம்.

இந்த மருந்து நோயைக் குணமாக்காது, செத்த செல்லை எழுப்பாது. ஆனால் பொத்தான் போடவைக்கும். நேரம் தவறினால் மட்டும் கோபித்துக்கொள்ளும். எட்டு மணி என்றால் எட்டு மணி, சீரியல் முடிந்ததும் அல்ல. இறைச்சி, மீன், பருப்பு, பால் எல்லாம் குடலில் அதோடு இடத்துக்குச் சண்டை போடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, பச்சைத் தண்ணீரில். குமட்டினால் ரெண்டு பிஸ்கட் பரவாயில்லை.

கேள்வி: பூனைக்காலி விதை இதற்குக் கைகண்ட மருந்தாமே? ஆங்கில மருந்து எதற்கு?
*களும்பாங்*

அந்த ஆங்கில மருந்தே பூனைக்காலிக்குள் இருக்கிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து மடோபாரில் உள்ள லெவோடோபா என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இருபது வருடம் கழித்து, 1957-இல், சுவீடனில் அர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்து அசையாமல் போட்டார். ரிசர்பின் எங்கிருந்து? நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து. பிறகு டோபா கொடுத்தார். முயல் எழுந்து நடந்தது. 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு. படுக்கவைத்தது நம் வேர், எழுப்பியது நம் விதையிலும் உள்ள சரக்கு, பரிசு மட்டும் சுவீடனுக்குள்ளேயே இருந்துவிட்டது.

சிக்கல் அளவில்தான். ஒரு விதையில் எவ்வளவு இருக்கிறது என்று விதைக்கே தெரியாது. மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு இரட்டிப்பாகும். சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: வாழ்நாளில் சூதாடாத என் அப்பா இப்போது தினமும் நாலு நம்பர் எடுக்கிறார். ரேஸ் வேறு. பார்க்கின்சன் மாத்திரை மாற்றிய பிறகுதான் இப்படி. நாங்கள் கற்பனை செய்கிறோமா?
*புக்கிட் ரோத்தான்*

இல்லை. டோபமின் ஆசைக்கும் பரிசுக்குமான ரசாயனமும்கூட. பிரமிபெக்சோல், ரோப்பினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியை மூட்டும். வேறு சிலருக்குக் கடைக்குப் போய் வாங்கிக் குவிக்கும் வெறி, தின்னும் வெறி, காம வெறி. அப்பாவைத் திட்டாதீர்கள், அவர் கெட்டுப்போகவில்லை. மாத்திரையை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, அது வேறு ஆபத்து. அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அளவை மாற்றினால் அடங்கும். அதுவரை வங்கிக் கார்டு அம்மாவிடம் இருக்கட்டும். நம்பர் அடித்துவிட்டால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: தாத்தா வீட்டு வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். ஆனால் பத்துமலையில் படியேறிவிட்டார்! நடிக்கிறாரோ என்று சித்தப்பா கேட்கிறார்.
*பேத்தி, கோலகுபு பாரு*

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். சமதரையில் கால் தானாக எழ வேண்டும், அந்தத் 'தானாக'தான் போய்விட்டது. படி என்றால் கண்ணெதிரே ஒவ்வொரு கோடும் 'இங்கே வை' என்று கட்டளை போடுகிறது. 272 படி, 272 கட்டளை, அதிலும் இப்போது வண்ணம் பூசி இன்னும் பளிச்சென்று. (இறங்கும்போதுதான் விழுவார்கள். பக்கத்தில் ஆள் வேண்டும்.) நெதர்லாந்தில் பத்தடி நடக்க முடியாத ஒருவர் சைக்கிளில் ஏறினால் சிட்டாகப் பறந்ததை 2010-இல் படம்பிடித்தே வெளியிட்டார்கள்.

வாசலில் ஓரடி இடைவெளியில் வண்ண டேப் ஒட்டுங்கள். நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் விழுவார். 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணுங்கள், அல்லது அவருக்குப் பிடித்த பாட்டை எடுத்துவிடுங்கள். தாளத்துக்குக் கால் கேட்கும்.

கேள்வி: மூளையில் கம்பி வைத்தால் குணமாகிவிடுமா?
*ஈஜோக்*

குணமாகாது, மாத்திரையின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிற உடம்புக்குத்தான் கம்பியும் கேட்கும்.

கேள்வி: முகமது அலிக்கு வந்தது குத்து வாங்கியதாலா?
*முன்னாள் லோரி ஓட்டுநர், பத்தாங் காலி*

நீங்கள் 1975 ஜூலை 1-இல் மெர்டேக்கா அரங்கத்தில் இருந்திருப்பீர்கள் போல. ஜோ பக்னரோடு 15 சுற்று ஆடிப் புள்ளியில் வென்றார். ஒன்பது வருடத்தில், 42 வயதில், நோய் என்று தெரிந்தது. தலையில் அடி இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டும். அவருக்கு அதுதான் காரணமா என்பதில் டாக்டர்களே பிரிந்து நின்றார்கள். 1996-இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது அந்தக் கையை அவர் சட்டைப்பைக்குள் ஒளிக்கவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

கேள்வி: கோப்பி குடித்தால் பார்க்கின்சன் வராதாம். சிகரெட்டும் நல்லதாம். உண்மையா?
*புக்கிட் ரோத்தான்*

கேட்க ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஹவாயில் 8,004 ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல்லாண்டு கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நிறையக் கோப்பி குடித்தவர்களுக்கு நோய் மிகக் குறைவு. புகைப்பவர்களுக்கும் குறைவுதான் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சிகரெட்டால் பார்க்கின்சன் வராமல் தப்பித்தவர்களில் பலர் அது வரும் வயதுவரை இருப்பதில்லை. கோப்பி குடியுங்கள். ஆனால் ஆய்வில் குடித்தது நம் கடையில் பாதி கிளாஸ் கெட்டிப்பால் ஊற்றித் தரும் சங்கதி அல்ல. கோப்பி-ஓ கோசோங்.